வீடு கொடுத்தும் ஏன் போகவில்லை? ஜரியாவைப் பற்றி ஒரு பதில்



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, காபியோடு உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பள்ளி வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. ஜார்க்கண்ட் மாநிலத்தின் ஜரியா. தரையில் வெடிப்பு, வெடிப்பிலிருந்து புகை, பத்தடி தள்ளி ஒரு வீடு, வாசலில் துணி காய்கிறது. அதன் கீழே என் மாணவன் ஒருவன், இன்று நல்ல பொறுப்பில் இருப்பவன், இப்படி எழுதியிருந்தான்: "அரசாங்கம் வீடு கட்டிக் கொடுத்தும் போகமாட்டேன் என்கிறார்கள் டீச்சர். ஆக்கிரமித்து உட்கார்ந்தவர்களுக்கு இன்னும் என்னதான் செய்வது?" அதற்கு இருபது பேர் கைதட்டியிருந்தீர்கள்.

அவனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தூரத்திலிருந்து பார்க்கும் யாருக்கும் முதலில் வருகிற கேள்விதான் அது. ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்லித்தானே பழக்கம் எனக்கு! முப்பது ஆண்டுகளுக்கு மேல் புவியியல் சொல்லிக் கொடுத்தவள். இந்திய வரைபடத்தில் "ஜரியா, ராணிகஞ்ச், பொக்காரோ" என்று நிலக்கரி வயல்களை நீங்கள் கறுப்புப் புள்ளி வைத்துக் குறித்தது நினைவிருக்கும். ஐந்து மதிப்பெண் கேள்வி. அந்தப் புள்ளியின் மேல் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இன்றைய பாடம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜரியா மக்கள் பிடிவாதத்தால் அங்கே இருக்கவில்லை. பிழைப்பு அங்கே இருப்பதால் இருக்கிறார்கள். வீட்டை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு, பிழைப்பை மாற்றிக் கொடுக்காத எந்தத் திட்டமும் அங்கே ஜெயிக்காது. இதுவரை ஜெயிக்கவும் இல்லை.

முதலில் கொஞ்சம் வரலாறு.

ஜரியா, தன்பாத் மாவட்டத்தில் தாமோதர் பள்ளத்தாக்கில் இருக்கிறது. நிலக்கரி வயலின் பரப்பு சுமார் 450 சதுர கிலோமீட்டர். 1890-களில் தோண்ட ஆரம்பித்தார்கள். இங்கே கிடைப்பது சாதாரணக் கரி இல்லை. இரும்புத் தாதுவை உருக்கும் ஊதுலைக்கு வேண்டிய கோக்கிங் நிலக்கரி. நம் நாட்டில் உயர்ரகக் கோக்கிங் நிலக்கரி பெரும்பாலும் இந்த ஒரு வயலில்தான் இருக்கிறது. இது போதாமல், நம் உருக்காலைகளுக்கு வேண்டியதில் பெரும்பகுதியை ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வரவழைக்கிறோம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

முதல் தீ 1916-ல் பௌரா சுரங்கத்தில் பதிவானது. அப்போது அத்தனையும் தனியார் சுரங்கங்கள். ஒரு அடுக்கை வெட்டி எடுப்பார்கள். மேல் கூரை விழாமல் இருக்க நடுநடுவே நிலக்கரியையே தூணாக விட்டுவைப்பார்கள். எடுத்து முடித்ததும், காலியான இடத்தில் மணலைக் கொட்டி நிரப்ப வேண்டும். மணல் நிரப்பினால் செலவு, நிரப்பாவிட்டால் லாபம். பல இடங்களில் நிரப்பாமலே அடுத்த குழிக்குப் போய்விட்டார்கள். 1972-ல் கோக்கிங் நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமை ஆகி, பாரத் கோக்கிங் கோல் என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கைக்கு வந்தபோது, சுரங்கங்களோடு சேர்ந்து நெருப்பும் வந்தது.

நிலக்கரி தானாக எப்படித் தீப்பிடிக்கும் என்று கேட்பீர்கள். கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஈரம் காயாமல் வைக்கோல் போர் போட்டால் என்ன ஆகும்? நாலைந்து நாள் கழித்து உள்ளே கையை விட்டால் சுடும். சில சமயம் புகையும். நிலக்கரியும் அப்படித்தான். காற்று பட்டால் மெல்ல ஆக்சிஜனோடு சேரும், சேரும்போது சூடு பிறக்கும். சூடு வெளியேற வழி இருந்தால் ஒன்றும் ஆகாது. வழி இல்லாமல் உள்ளேயே அடைந்தால், ஏறி ஏறி ஒரு நாள் கனல் பிடிக்கும்.

அதற்குப் பிறகு நடப்பதைப் புரிந்துகொள்ள ராமநாதபுரம் பக்கத்துக் கரிமூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடி, காற்றை அளந்து அளந்து விட்டு நாள்கணக்கில் கனிய வைப்பார்கள். எங்காவது ஓட்டை விழுந்தால் உடனே மண்ணைப் போட்டு அடைப்பார்கள். அடைக்காவிட்டால் அத்தனையும் சாம்பல்தான். ஜரியாவின் அடியில் இருப்பது ஊர் அளவுக்குப் பெரிய கரிமூட்டம். தூணாக விட்ட கரி எரிந்து சாம்பலாகும். தூண் போனால் மேல்தரை இறங்கும். தரை இறங்கினால் வெடிப்பு. வெடிப்பு வழியே காற்று. காற்று போனால் இன்னும் நெருப்பு. ஒன்றை ஒன்று வளர்க்கும் சங்கிலி இது. ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் திறக்கும். நூறு ஆண்டுகள் கடந்தும் அணையாததன் காரணம் இதுதான்.

இதனால் மேலே இருப்பவர்களுக்கு என்ன ஆபத்து? இரண்டு வகை.

முதலாவது கண்ணுக்குத் தெரிவது. தரை உள்வாங்குவது. 2017 மே மாதம் ஜரியா ஊருக்குள்ளேயே ஒரு தந்தையும் அவருடைய மகனும் திடீரெனப் பிளந்த குழிக்குள் விழுந்து இறந்தார்கள். காட்டுக்குள் இல்லை, கடைகள் இருக்கும் தெருவோரம். அடுத்த மாதமே, 2017 ஜூன் 15-ல், தன்பாத்–சந்திரபுரா ரயில் பாதையில் 34 கிலோமீட்டரை மூடினார்கள். தண்டவாளத்துக்கு அடியில் நெருப்பு. அதே ஆண்டில் ஜரியாவின் ஆர்.எஸ்.பி. கல்லூரியையும் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். ஒரு கல்லூரியே இடம் பெயர்வது என்றால் என்ன என்று எந்த வாத்தியாருக்கும் புரியும். பஸ் வசதி இல்லை என்றாலே முதலில் படிப்பை நிறுத்துவது பெண் பிள்ளைகள்தான்.

இரண்டாவது ஆபத்து வீடியோவில் தெரியாது. அது காற்று. அரைகுறையாக எரியும் நிலக்கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, மயக்கம், அளவு மீறினால் மரணம். கூடவே கந்தக டை ஆக்சைடு, நுரையீரலின் ஆழம் வரை போகும் நுண்துகள். குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், இதயநோயும் ஆஸ்துமாவும் உள்ளவர்களுக்கும் இது மெல்லக் கொல்லும் விஷயம். குழியில் விழுந்து இறந்தால் செய்தியாகும். இருபது ஆண்டு இருமி இறந்தால் அது நெருப்பின் கணக்கில் ஏறாது. அடுத்த மழைக்காலமும் வரும். வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்கினால் மண் நெகிழும், புகையும் ஆவியும் கூடும்.

இவ்வளவு தெரிந்தும் அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். சொல்லவேண்டியதைச் சொல்ல வேண்டும்.

1997-ல் ஹராதன் ராய் என்ற முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2009 ஆகஸ்டில் மத்திய அரசு ஜரியா பெருந்திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. தொகை ரூ.7,112 கோடி. ஆபத்தான இடங்கள் என்று 595 இடங்களைக் குறித்தார்கள். நெருப்பை அணைப்பது நிறுவனத்தின் வேலை, மக்களைக் குடியமர்த்துவது அதற்கென்று உள்ள மாநில அரசின் ஆணையத்தின் வேலை என்று பிரித்தார்கள். பெல்காரியா என்ற இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழும்பின. நெருப்பு விஷயத்தில் பலனும் கிடைத்திருக்கிறது. மேற்பரப்பில் நெருப்புள்ள இடங்கள் 77-லிருந்து 27-ஆகவும், பரப்பு 8.9 சதுர கிலோமீட்டரிலிருந்து 1.8 சதுர கிலோமீட்டராகவும் குறைந்திருப்பதாக அரசு சொல்கிறது. இது சின்ன விஷயம் இல்லை. அந்த வெப்பத்தில் நின்று வேலை செய்த தொழிலாளிகளுக்கும் பொறியாளர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் மக்கள் விஷயத்தில்? திட்டம் போட்டபோது கணக்கில் இருந்தவை சுமார் 54,000 குடும்பங்கள். பின்னால் எடுத்த கணக்கெடுப்பில் அது ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அவர்களில் பெரும்பாலோர் நிலத்துக்குக் காகிதம் இல்லாதவர்கள். திட்டத்தின் காலம் 2021-ல் முடிந்தபோது இடம் மாறியவர்கள் இதில் ஒரு சின்னப் பகுதிதான்.

இப்போது நம் கேள்விக்கு வருகிறேன். வீடு கொடுத்தும் ஏன் போகவில்லை?

அங்கே இருப்பவர்கள் யார் என்று பாருங்கள். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் சுரங்க வேலைக்காக வந்து மூன்று தலைமுறை ஆனவர்கள். லாரியில் கரி ஏற்றும் கூலிகள். குழி ஓரம் சிதறும் கரியைக் கூடையில் பொறுக்கி, சைக்கிளில் மூட்டை கட்டி, மைல்கணக்கில் தள்ளிக்கொண்டு போய் டீக்கடைக்கும் ஹோட்டலுக்கும் விற்பவர்கள். அவர்களை நம்பிய மளிகைக் கடைக்காரர், தையல்காரர், சைக்கிள் பஞ்சர் ஒட்டுபவர். இவர்களின் அன்றாட வரும்படி அந்த மண்ணோடு ஒட்டியது. அங்கிருந்து பல கிலோமீட்டர் தள்ளி ஒரு சிறிய வீட்டில் கொண்டுபோய் விட்டால், காலையில் எழுந்து எங்கே போவார்கள்? போனவர்கள் பல ஆண்டுகளாகச் செய்தியாளர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பதும் இதைத்தான். வீடு இருக்கிறது, வேலை இல்லை. திரும்பி வந்துதான் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. பஸ்ஸுக்குக் கொடுத்தது போக மிச்சம் என்ன?

நம் வீட்டிலேயே யோசியுங்கள். மாற்றல் உத்தரவு வந்தால், சம்பளம் நிச்சயம் என்று தெரிந்தும், பிள்ளை படிப்பு, பெற்றோர் உடம்பு, வாடகை என்று எத்தனை கணக்குப் போடுகிறோம்! மாதச் சம்பளம் உள்ள நமக்கே அப்படி. இன்று சம்பாதித்தால் இன்று சோறு என்பவர்களிடம் சம்பாத்தியத்தை விட்டுவிட்டு வா என்றால்? புகையில் இருமினாலும் இன்று அடுப்பு எரியும். அங்கே போனால் புகை இல்லை, அடுப்பும் எரியாது. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஒரு தாயிடம் சொன்னால் அவள் எதை எடுப்பாள்? அதைப் பிடிவாதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ஆக்கிரமிப்பு" என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். சுரங்கத்துக்கு ஆள் வேண்டும் என்று அழைத்து வந்தபோது யாரும் பட்டா கேட்கவில்லை. குழி பக்கத்தில் குடிசை போட்டால் வேலைக்கு நேரத்துக்கு வருவார்கள் என்பது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. இரண்டு தலைமுறை உழைப்பை வாங்கிக்கொண்டு, மூன்றாவது தலைமுறையிடம் காகிதம் எங்கே என்று கேட்பது நியாயமா? சட்டப்படி அந்தச் சொல் சரியாக இருக்கலாம். விஷக்காற்று மட்டும் பட்டா இருக்கிறதா என்று பார்த்து நுரையீரலுக்குள் போவதில்லையே.

இன்னொரு காரணமும் உண்டு. நம்பிக்கை இல்லாமை.

நெருப்பை அணைக்க இப்போது அதிகம் பயன்படும் வழி, மேலிருந்து திறந்தவெளியாகத் தோண்டி, எரியும் கரியை வெளியே எடுத்துவிடுவது. தொழில்நுட்பப்படி இதில் நியாயம் இருக்கிறது. எரிபொருளை எடுத்துவிட்டால் தீ எங்கே இருக்கும்? ஆனால் அப்படித் தோண்டும்போது எரியாத கரியும் கிடைக்கும். அது விலை உயர்ந்த கோக்கிங் கரி. மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, இதற்காகத்தான். ஆகவே "உன் வீட்டுக்கு ஆபத்து, காலி செய்" என்று சுரங்க நிறுவனம் சொல்லும்போது, அந்த வீட்டுக்காரருக்கு ஒரு சந்தேகம் வருகிறது. ஆபத்துக்காகச் சொல்கிறார்களா, அடியில் இருக்கும் கரிக்காகச் சொல்கிறார்களா? நிறுவனத்தின் எண்ணம் முழுக்க நல்லதாகவே இருக்கட்டும். கரியை விற்பவரும் ஆபத்தை அறிவிப்பவரும் ஒருவராக இருக்கும்வரை இந்தச் சந்தேகம் போகாது.

அந்த ரயில் பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ல் ஆபத்து என்று மூடினார்கள். 2019 பிப்ரவரியில் மறுபடி திறந்தார்கள். ஆய்வு செய்துதான் திறந்திருப்பார்கள். ஆனாலும் பக்கத்தில் குடியிருப்பவர், "ரயில் போகலாம், நான் மட்டும் இருக்கக்கூடாதா?" என்று கேட்டால் அவருக்குப் புரியும்படி யாராவது பதில் சொன்னார்களா? சொல்லியிருக்க வேண்டும். சொல்லாத இடத்தில்தான் வதந்தி புகுந்துகொள்ளும்.

ஆனால் ஒன்று, அறிவுக்குப் பஞ்சமான இடம் இல்லை அது. நாட்டின் சுரங்கப் பாதுகாப்பைக் கவனிக்கும் தலைமை இயக்குநரகத்தின் தலைமையகம் தன்பாத்தில். சுரங்க, எரிபொருள் ஆராய்ச்சிக்கான மத்திய நிறுவனம் தன்பாத்தில். 1926-ல் தொடங்கி இன்று ஐ.ஐ.டி.யாக இருக்கும் சுரங்கவியல் கல்லூரியும் தன்பாத்தில்தான். நெருப்பைப் பற்றி இந்தியாவில் அதிகம் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் அந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது, புகைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் பெண்ணுக்கு அவள் மொழியில் போய்ச் சேர்கிறதா என்பதுதான் என் கேள்வி.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள் என்று சிலர் கேட்பீர்கள். இரண்டு ஊர்களைச் சொல்கிறேன். இரண்டிலும் நமக்குப் பாடம் இருக்கிறது.

ஒன்று, அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் சென்ட்ரேலியா. 1962-ல் பிடித்த தீ, பழைய சுரங்கங்களுக்குள் போய் இன்றும் எரிகிறது. அவ்வளவு பணமும் இயந்திரமும் உள்ள நாட்டாலும் அணைக்க முடியவில்லை. 1980-களில் அந்நாட்டு நாடாளுமன்றம் 4.2 கோடி டாலர் ஒதுக்கியது. ஆயிரம் பேருக்கு மேல் தங்கள் வீட்டுக்கு விலை வாங்கிக்கொண்டு, பிடித்த ஊரில் போய்க் குடியேறினார்கள். சின்ன ஊர், சொந்த வீட்டுக்காரர்கள் நிறைய, அதனால் முடிந்தது. ஜரியாவில் லட்சம் குடும்பங்கள். அதே வழி அப்படியே பொருந்தாது. ஆனால் நெருப்பு அணையட்டும், பிறகு மக்களைப் பார்ப்போம் என்று காத்திருக்க முடியாது என்பது அங்கிருந்து தெரிகிறது.

இரண்டாவது, ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தின் மோர்வெல். மெல்போர்னில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். நெய்வேலியில் எடுக்கிறோமே, அதே பழுப்பு நிலக்கரி. ஊரை ஒட்டியே ஹேசல்வுட் திறந்தவெளிச் சுரங்கம். 2014 பிப்ரவரி 9 அன்று காட்டுத் தீயின் பொறி பறந்து வந்து சுரங்கத்தில் விழுந்தது. 45 நாட்கள் எரிந்தது. சுமார் 14,000 பேர் உள்ள ஊர் புகைக்குள் மூழ்கியது. கரி எடுத்து முடித்த பகுதியில் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்களை முன்னமே எடுத்துவிட்டிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. ஜரியாவில் மணல் நிரப்பாமல் போனார்களே, அதே கதைதான். எடுக்கும்வரை கவனிப்பு, எடுத்த பிறகு கேட்பாரில்லை.

அங்கேயும் தாமதம் நடந்தது. முதியவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், நோயாளிகள் தற்காலிகமாக வெளியேறுவது நல்லது என்ற அறிவுரை பிப்ரவரி 28-ல்தான் வந்தது. பத்தொன்பது நாள் புகையைக் குடித்த பிறகு! பொது விசாரணை நடந்தது. அந்த அறிவுரை தாமதமாக வந்தது என்று விசாரணைக் குழு எழுதியது. ஊர் மக்கள் அதோடு விடவில்லை. இறப்புப் பதிவுகளைத் தாங்களே திரட்டி, இந்த மாதங்களில் மரணம் கூடியிருக்கிறது, பாருங்கள் என்று கேட்டார்கள். விசாரணையை மறுபடி திறந்தார்கள். புகையால் இறப்பு கூடியிருக்க வாய்ப்பு அதிகம் என்று அந்த விசாரணை ஒப்புக்கொண்டது. மக்களின் உடல்நலத்தை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆராய ஒரு பல்கலைக்கழகத்திடம் பொறுப்பு கொடுத்தார்கள். நிறுவனத்துக்கு 2020-ல் நீதிமன்றம் அபராதமும் விதித்தது.

45 நாள் புகைக்கு அங்கே இரண்டு விசாரணை, நீண்ட கால மருத்துவ ஆய்வு. நூறு ஆண்டுப் புகைக்கு இங்கே? "அது பணக்கார நாடு, ஒப்பிடாதீர்கள்" என்று சொல்லலாம். சரி, ஒப்பிடவில்லை. ஆனால் ஊரில் ஒரு காற்றளவுக் கருவி வைத்து, அது காட்டும் எண்ணை ரேஷன் கடை வாசலில் இந்தியில் எழுதிப் போட எவ்வளவு செலவாகிவிடும்?

2025 ஜூனில் மத்திய அமைச்சரவை திருத்திய ஜரியா திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. தொகை ரூ.5,940 கோடி. இந்த முறை ஒரு நல்ல மாற்றம். பட்டா உள்ளவர், இல்லாதவர் இரண்டு பேருக்கும் பிழைப்புக்காக ரூ.1 லட்சம் உதவித்தொகை, ரூ.3 லட்சம் வரை கடன் வசதி, தொழில் பயிற்சி என்று சேர்த்திருக்கிறார்கள். வீடு மட்டும் போதாது என்பதை அரசே ஏற்றுக்கொண்டுவிட்டது என்றுதான் இதைப் படிக்கிறேன். ஆக, அந்த மக்கள் இத்தனை நாள் சொன்னது வீண் பிடிவாதம் இல்லை என்று ஆகிறது.

வரவேற்கிறேன். ஆனாலும் எனக்குச் சில கவலைகள் உண்டு.

ஒரு லட்ச ரூபாய் ஒரு குடும்பத்துக்கு எத்தனை மாதம் வரும்? மகள் கல்யாணத்திலோ ஆஸ்பத்திரிச் செலவிலோ கரைந்துவிடும். பயிற்சி கொடுத்தால் மட்டும் வேலை வந்துவிடாது. குடியிருப்புக்குப் பக்கத்தில் வேலை கொடுக்கும் இடம் இருக்க வேண்டும். தையல் பயிற்சி பெற்ற ஆயிரம் பெண்கள் ஒரே குடியிருப்பில் இருந்தால், யாருடைய துணியை யார் தைப்பது? அதனால் முதலில் சந்தை, பஸ், பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், நிலையான வேலை. அதற்குப் பிறகு வீட்டுச் சாவி. இந்த வரிசை மாறக்கூடாது.

ஆபத்தை அறிவிக்கும் வேலை கரி விற்கும் நிறுவனத்திடம் இருக்கக்கூடாது. பாதுகாப்பு இயக்குநரகமும், கல்லூரிப் பேராசிரியர்களும், அந்தக் குடியிருப்பிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து ஆய்ந்து, தெருவிலேயே நின்று சொல்லட்டும். "இங்கே அடியில் இத்தனை அடியில் நெருப்பு, தரை இந்த அளவு இறங்கியிருக்கிறது, மழைக்கு முன்னால் போக வேண்டும்" என்று எண்ணோடு சொன்னால் கேட்பார்கள். பிள்ளை குட்டி உள்ளவர்கள் கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது இது. நெருப்பின் பரப்பு எவ்வளவு குறைந்தது என்று சதுர கிலோமீட்டரில் கணக்குச் சொல்கிறார்கள். நல்லது. அதே தாளில் இன்னும் நாலு வரி சேர்க்கச் சொல்கிறேன். எத்தனை குடும்பங்கள் போயின? போனதில் எத்தனை திரும்பி வந்தன? போனவர்களின் வருமானம் கூடியதா, குறைந்ததா? அவர்களின் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா? ஆண்டுக்கு ஒரு முறை இந்த நாலு வரியையும் வெளியிட்டால் போதும். திட்டம் ஜெயிக்கிறதா தோற்கிறதா என்று யாருக்கும் தெரிந்துவிடும்.

உங்களில் சிலர் வங்கியில் இருக்கிறீர்கள், சிலர் ரயில்வேயில், சிலர் உருக்குத் துறையில், இரண்டு மூன்று பேர் வடக்கே அரசுப் பணியில். பத்திரிகையில் இருப்பவளும் ஒருத்தி உண்டு. ஜரியா உங்களுக்குத் தூரம் இல்லை. அந்த ரூ.3 லட்சம் கடன் மனு ஒரு நாள் உங்கள் மேஜைக்கே வரலாம். வந்தால், ஜாமீன் இல்லை, பட்டா இல்லை என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடாமல், விதி எதுவரை இடம் கொடுக்கிறதோ அதுவரை பாருங்கள். எழுதுபவர்கள் குழியில் யாராவது விழும் நாளுக்குக் காத்திருக்காமல் எழுதுங்கள். ஒன்றும் செய்ய முடியாதவர்கள், அந்த மக்களைப் பற்றிப் பேசும்போது ஒரு கேள்வியை மட்டும் கூடக் கேளுங்கள்: அங்கே போனால் அவர்கள் என்ன வேலை செய்வார்கள்?

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். வகுப்பில் எதிர்க்கேள்வி கேட்டவர்களை நான் ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை. மரியாதையாக மட்டும் எழுதுங்கள், என் அக்கா பேத்தியும் இதைப் படிக்கிறாள்.

எல்லோரும் நலமாக இருங்கள். மழைக்காலம் வருகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்